ஃபோர்டு மாடல் ஏ: பழைய ஃபேனா, புது ஃபேனா?

ஃபோர்டு மாடல் ஏ என்ற பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேருவார்கள்: ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் ஒரிஜினல் ஃபேனை விட்டுவைப்பதா, மாற்றுவதா? நாங்கள் மாற்றிவிட்டோம். போட்டது இரண்டு இறக்கை வார்ப்பு அலுமினிய ஃபேன்.

ஒரிஜினலைக் குறை சொல்லும் முன் அதன் அருமையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் தகடுகளை ரிவிட் அடித்த நாலு இறக்கை ஃபேன். 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ-க்கு விமான ப்ரொப்பெல்லர் சாயலில் இரண்டே இறக்கை. அச்சில் அழுத்தி எடுத்த இரண்டு எஃகுத் தகடுகளை எதிரெதிரே வைத்து வெல்டு செய்திருப்பார்கள், உள்ளே காலி இடம். எடையும் குறைவு, வடிவமும் அழகு.

அந்தக் காலி இடம்தான் இன்று வில்லங்கம். தகடுகள் சேரும் விளிம்பு வழியாக ஈரம் உள்ளே போகிறது, போனது காய்வதில்லை. துரு உள்பக்கத்திலிருந்து அரிக்கிறது. வெளியே புது பெயின்ட் பளபளக்கும். உள்ளே தகடு காகித கனத்துக்கு வந்திருக்கும். தட்டிப் பார்த்தாலும், விரிசல் காட்டும் சிவப்புச் சாயம் பூசிப் பார்த்தாலும் மேற்பரப்பு மட்டுமே பேசும்.

உடைந்தால் என்ன ஆகும்? மாடல் ஏ எஞ்சின் தன் 40 குதிரைத்திறனைத் தருவது நிமிடத்துக்கு 2200 சுற்றில். ஃபேனும் அதே வேகத்தில் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் 100 கிராம் துண்டு, கிட்டத்தட்ட 80 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல் வெளியே இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுவை நாலு மடங்கு. பிய்ந்த துண்டு ரேடியேட்டரைக் கிழிக்கும், பானெட்டைத் துளைத்துக்கொண்டு வரும். பானெட்டைத் திறந்து வைத்து கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பவரின் முகம் அதற்கு நேராக இருக்கலாம். ஒரிஜினல் ஃபேனைக் கண்காட்சிக்கு மாட்டுங்கள்; ஓடும் வண்டியில் வேண்டாம். வெல்டு வைத்துப் பலப்படுத்தலாம் என்பார்கள். துருவில் மெலிந்த தகட்டில் வைக்கும் வெல்டை நான் நம்பமாட்டேன்.

மாற்றாகப் போடும் நாலு இறக்கை எஃகு ஃபேன் காற்றை நன்றாகவே இழுக்கும். ஆனால் ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் மாடல் ஏ-க்கு அவ்வளவு காற்று தேவைப்படாது. பார்வைக்கும் பொருந்தாது. ரிவிட் துளைகளைச் சுற்றித்தான் விரிசல் தொடங்கும் என்பதால் அங்கே கண் வைத்திருக்க வேண்டும்.

அலுமினியத்தை நான் எடுத்ததற்கு ஒரே காரணம், அதைச் சோதிக்க முடியும் என்பது. இறக்கை முழுக்கக் கெட்டி. ஈரம் தங்க உள்ளறை கிடையாது. விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில், அதுவும் இறக்கை மையத்தோடு சேரும் அடிப்பகுதியில்தான் பிறக்கும். ஃபேனைக் கழற்றி, எண்ணெய் போகக் கழுவி, சாயத்தைப் பூசிச் சற்றுப் பொறுத்துத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சை அடித்தால் மயிரிழை விரிசலும் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். அரை நாள் வேலை. விரிசல் மறையக் கூடாது என்பதற்காகவே பெயின்ட் கூட அடிக்காமல் வெற்று உலோகமாகவே விட்டிருக்கிறேன்.

அலுமினியம் என்பதாலேயே நிம்மதி என்றும் சொல்லமாட்டேன். குறிப்பிட்ட விசைக்குக் கீழே எத்தனை கோடி முறை அசைத்தாலும் எஃகு தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, ஓட ஓடக் களைக்கும். வார்ப்பில் காற்றுக்குமிழி இருந்தால் இன்னும் சீக்கிரம். வாங்கும்போதே அடிப்பகுதியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு இறக்கையும் ஒரே எடையா என்று பேலன்ஸும் பாருங்கள். மாடல் ஏ-யில் ஃபேன் உட்கார்ந்திருப்பது வாட்டர் பம்ப் ஷாஃப்டின் மேல். பேலன்ஸ் தப்பினால் முதலில் தேய்வது பம்ப் பேரிங்கும் புஷ்ஷும், அப்புறம் தண்ணீர் ஒழுக்கு.

கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் ஃபேன்களும் கிடைக்கின்றன. லேசானவை, கறுப்பு பெயின்ட் அடித்தால் ஒரிஜினல் மாதிரியே தெரியும். நண்பர் ஒருவரின் வண்டியில் நன்றாகத்தான் ஓடுகிறது. எஞ்சின் சூட்டில் பல கோடைகள் கழிந்த பிறகு எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. புதிதாக வாங்குகிறவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தால் தடுக்கமாட்டேன்.

எதை மாட்டினாலும், எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஷாஃப்ட் நகர்ந்தால் முதலில் பம்பைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் புது ஃபேனும் ரேடியேட்டரில் போய் உரசும்.