வாரிசுரிமை சாய்த்த தராசு: குரூசேடர் கிங்ஸ் 3-உம் யூரோப்பா யுனிவர்சலிஸ் 4-உம்

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரத்தில் இரண்டு பெருவியூகக் கணினி விளையாட்டுகளை (நூற்றாண்டுக்கணக்கில் அரசு நடத்தும் வகை) ஒழுங்காக ஆட இயலாது என்பதால், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். குரூசேடர் கிங்ஸ் 3 தங்கியது. யூரோப்பா யுனிவர்சலிஸ் 4 கணினியிலிருந்து நீங்கியது. இரண்டுமே சுவீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள். 2013-இல் வெளிவந்த யூரோப்பா, 1444 நவம்பர் 11-இல் தொடங்கி 1821 வரை செல்கிறது. 2020-இல் வெளிவந்த குரூசேடர் கிங்ஸ், 867-இலோ 1066-இலோ தொடங்கி 1453-இல் முடிகிறது. 1178 என்ற மூன்றாவது தொடக்கம் பின்னர் சேர்க்கப்பட்டது. படை நடத்துவதிலும் வாணிபத்திலும் எது மேல் என்பது அவரவர் ரசனையைப் பொறுத்தது. மதம், கூட்டணி, வாரிசுரிமை ஆகிய மூன்றையும் இவை எப்படிக் கையாள்கின்றன என்பதை வைத்தே நான் தேர்ந்தெடுத்தேன். அந்த மூன்றிலும் வாரிசுரிமைதான் தராசைச் சாய்த்தது.

யூரோப்பாவில் நாம் ஒரு நாடு. குரூசேடர் கிங்ஸில் நாம் ஒரு மனிதர், அவர் கண்மூடியதும் அவருடைய வாரிசு. இது ஆடாதவர்களும் அறிந்த வேறுபாடுதான் என்பதால் இதை நீட்டவில்லை.

யூரோப்பாவில் ஒவ்வோர் அரசருக்கும் நிர்வாகம், ராஜதந்திரம், படை என்று மூன்று திறன்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 6 வரை அமையும். மாதந்தோறும் கிடைக்கும் அடிப்படை 3 புள்ளிகளோடு அரசரின் திறனும் ஆலோசகரின் தகுதியும் சேர்கின்றன. தொழில்நுட்பத்தில் முன்னேறுவதற்கும், கைப்பற்றிய மாகாணத்தைச் சொந்த மண்ணாக்குவதற்கும் அந்தப் புள்ளிகளே செலவாகின்றன. ஆகவே நல்ல இளவரசர் பிறந்தால் கொண்டாட்டம். உருப்படாத ஒருவர் பிறந்தால், 50 கௌரவப் புள்ளிகளைக் கொடுத்து அவரை விலக்கிவிட்டு அடுத்த பிறப்புக்காகக் காத்திருக்கலாம். காத்திருக்கும் வேளையில் அரசர் இறந்துவிட்டால், அரச மண உறவு கொண்ட வேற்றுக்குலம் அரியணையில் ஏறலாம், அல்லது நம் நாடே இன்னொருவரின் முடிக்குக் கீழ்ப்பட்ட இளைய நாடாகிவிடலாம். வாரிசுக்கு 15 வயது நிரம்பாவிட்டால் அவருக்காக ஆளும் காப்பாட்சிக் குழு வந்து அமரும்; அதுவரை நாமாகப் போர் அறிவிக்க முடியாது.

இதில் சுவை இல்லை என்று சொல்லிவிட முடியாது. விளையாட்டு தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள், 1444 நவம்பர் 10 அன்று, போலந்து மன்னர் மூன்றாம் விளாடிஸ்லாவ் வர்ணா போர்க்களத்தில் வீழ்ந்தார். ஆகவே போலந்தை எடுப்பவர் அரசரில்லாத நாட்டோடு தொடங்குகிறார்; லிதுவேனியாவை ஆளும் காசிமிரை அழைத்து முடிசூட்டினால் இரு நாடுகளும் ஒரே முடியின் கீழ் வந்துவிடுகின்றன. பர்கண்டியின் துணிவுடைய சார்லஸ் 1477 ஜனவரியில் நான்சியில் இறந்ததும் அவருடைய ஒரே மகள் மேரி ஹாப்ஸ்பர்க் குலத்து மாக்ஸிமிலியனை மணந்ததும் ஐரோப்பாவின் முகத்தை மாற்றிய நிகழ்வுகள். அதற்கும் விளையாட்டில் தனி நிகழ்வு உண்டு. ஆனால் இவை அனைத்தும் நமக்கு நேரும் சம்பவங்கள். திரையில் ஒரு பெட்டி தோன்றுகிறது, படிக்கிறோம், ஒரு பொத்தானை அழுத்துகிறோம். பல ஆண்டுகள் முன்கூட்டியே திட்டமிட வேண்டிய சுமை வாரிசு விஷயத்தில் இல்லவே இல்லை.

குரூசேடர் கிங்ஸிலோ அந்தச் சுமைதான் விளையாட்டே. பெரும்பாலான ஆட்சியாளர்களுக்குத் தொடக்கச் சட்டம் கான்ஃபெடரேட் பார்ட்டிஷன் என்ற பங்கீடு. தந்தை இறந்தால் பட்டங்களும் நிலமும் தகுதியுள்ள பிள்ளைகளுக்குள் பிரியும். 867-ஐத் தொடக்கமாகத் தேர்ந்தெடுத்து வரைபடத்தைப் பார்த்தாலே இந்தச் சட்டம் வெறும் விளையாட்டு விதி அல்ல என்பது விளங்கும். சார்லமேனின் பேரரசு 843-இல் வெர்டன் உடன்படிக்கையால் லோதார், லூயிஸ், சார்லஸ் என்ற மூன்று சகோதரர்களுக்கிடையே பிரிந்தது. லோதார் 855-இல் இறந்தபோது அவருடைய பங்கு மறுபடியும் அவருடைய மூன்று மகன்களுக்குள் உடைந்தது. மேற்கு பிராங்கியா, கிழக்கு பிராங்கியா, லோதாரிங்கியா, இத்தாலி என்று நாம் காணும் நான்கு நிறங்களும் ஒரே குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரம்தான்.

அயர்லாந்தின் முன்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1066-இல் முர்காட் என்ற சிற்றரசரோடு புதியவர்களுக்கான பயிற்சியும் அங்கேதான் நடக்கிறது. முன்ஸ்டரோடு லெயின்ஸ்டரையும் பிடித்துவிட்டோம், இரண்டு டச்சிப் பட்டங்களும் (மன்னர் பட்டத்துக்கு ஒரு படி கீழானவை) கையில் உள்ளன, இரண்டு மகன்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த நிலையில் முர்காட் இறந்தால் மூத்தவர் முன்ஸ்டரைப் பெறுவார். இளையவர் லெயின்ஸ்டரைப் பெற்றுத் தனி அரசராகிவிடுவார், ஏனெனில் இருவருக்கும் மேலே ஒரு பட்டம் இல்லை. சாவுக்கு முன்பே அயர்லாந்து மன்னர் என்ற பட்டத்தை உருவாக்கியிருந்தால், அதே இளையவர் லெயின்ஸ்டரோடு அண்ணனுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசராக நிற்பார். ஒரு பட்டம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள இடைவெளி, ஒரு தலைமுறைப் போரின் விலை. ஆசைப்பட்டு வேல்ஸிலும் பாதிக்கு மேல் பிடித்துவைத்தால் இன்னொரு சிக்கல் உண்டு: நாம் உருவாக்காமல் விட்ட வேல்ஸ் மன்னர் பட்டத்தை, சாவின் தறுவாயில் சட்டமே உருவாக்கி இளையவர் தலையில் சூட்டிவிடும். நிலத்தைச் சேர்க்கச் சேர்க்க உடைவதற்கான வாய்ப்பும் சேர்ந்துகொண்டே போகிறது.

அடி விழுவது வரைபடத்தில் மட்டுமன்று. கருவூலத் தங்கமும் நிலைப்படையும் முதன்மை வாரிசுக்கு வந்துவிடுகின்றன. ஆனால் அந்தப் படைக்குச் சம்பளம் கொடுத்த கவுன்டிகளில் (டச்சிக்குள் அடங்கும் சிறு நிலப்பகுதிகளில்) பாதி தம்பியிடம் போய்விடுகின்றன. தந்தையின் வருமானத்தை நம்பித் திரட்டிய கனரகக் காலாட்படையை மகனின் வருமானத்தில் பராமரிக்க முடியாமல், முடிசூட்டிய மாதத்திலேயே மாதக்கணக்கு எதிர்மறையில் ஓடும். புதிய அரசர் என்பதால் சிற்றரசர்களின் மதிப்பும் குறைவாக இருக்கும். உரிமை கோரும் தம்பி அண்ணனுக்கு எதிரான அணியில் சேர்வார். ஆகவே ஒவ்வொரு முறையும் நிலத்தைப் பிடிக்கும்போதே, தன் வாழ்நாளுக்குப் பிறகு இது யாருக்கு, அதை அவரால் கட்டிக்காக்க இயலுமா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மருந்துகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கவிளைவும் உண்டு. குலத்தலைவராக இருந்தால் குலப்புகழைச் செலவிட்டு ஒரு மகனின் வாரிசுரிமையை ரத்து செய்யலாம். ஆனால் அந்தப் புகழ் தலைமுறைகள் கடந்து மெதுவாகச் சேரும் சொத்து. இளையவரைப் போர்வீரராக்கிக் கடுமையான போர்களுக்கு அனுப்பலாம். அவர் சாகாமல் புகழோடு திரும்பி வந்து அண்ணனைவிடப் பெரியவராகவும் ஆகலாம். கொலைக்கு ஏற்பாடு செய்யலாம். இரக்க குணமுள்ள அரசருக்கு அது மனஅழுத்தத்தை ஏற்றிவிடும், வெளியே தெரிந்தால் உறவுக்கொலையாளி என்ற பெயரும் நிற்கும். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பண்பாடுகளுக்குத் தானிஸ்ட்ரி என்ற தேர்தல் முறையும் கிடைக்கிறது. அதில் சிற்றரசர்கள் வாக்களித்தாலும் வேட்பாளர் நம் குலத்தைச் சேர்ந்தவராகவே இருப்பார் என்பதால் பட்டம் குலத்தை விட்டுப் போவதில்லை. வயதில் மூத்தவருக்கே வாக்கு சாய்வதால் மகனுக்குப் பதில் சித்தப்பா வந்து அமர்வதும் உண்டு. தேர்தல் அந்த ஒரு பட்டத்துக்கு மட்டுமே. மீதி நிலம் பழையபடி பங்காகவே போகும். மூத்த மகனுக்கே எல்லாம் என்ற முறை பண்பாடு பிற்கால இடைக்காலத்தை எட்டிய பின்னரே, அதாவது 1200-க்குப் பிறகே, கைக்கு வருகிறது.

மதத்தை ஒப்பிடும்போதும் இந்த நூலைத்தான் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. குரூசேடர் கிங்ஸில் எத்தனை மனைவியர், எத்தனை துணைவியர், பெண்ணுக்கு வாரிசுரிமை உண்டா, மணமுறிவுக்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பவற்றையெல்லாம் மதத்தின் கோட்பாடுகளே நிர்ணயிக்கின்றன. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மதத்தில் துணைவியர் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பெருகினால் பங்காளிகளும் பெருகுவார்கள். கத்தோலிக்கத்தில் ஒரே மனைவி, மணமுறிவுக்குப் போப்பாண்டவரின் சம்மதம் வேண்டும். ஆனால் துறவு மடக் கோட்பாடு இருப்பதால், சம்மதிக்கும் மகனைத் துறவு பூணச் செய்து பங்கிலிருந்து விலக்கும் வழியும் உண்டு. நான் கத்தோலிக்க அரசர்களையே அதிகம் ஆடுவதற்கு இந்த ஒரு வழியே பெரிய காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

யூரோப்பாவில் மதம் நாட்டின் நிர்வாகக் கணக்கு. மதப்பரப்புநரை ஒரு மாகாணத்துக்கு அனுப்புவது, மத ஒருமைப்பாட்டு விகிதத்தைப் பார்ப்பது, 500 டுகாட் (விளையாட்டின் நாணயம்) கொடுத்து மதக் காவலர் என்ற பட்டத்தை வாங்குவது என்று அது நகர்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்த இயக்கம் மையங்களிலிருந்து பரவி, ரோமப் புனிதப் பேரரசு இரண்டு மத அணிகளாகப் பிளந்து போரில் இறங்கும் கட்டம் மட்டும் உண்மையிலேயே அருமை. அந்த அளவுக்கு ஒரு மதப் போரை குரூசேடர் கிங்ஸின் சிலுவைப் போர்கள்கூட எனக்குத் தந்ததில்லை. ஆயினும் அரண்மனைக்குள் யார் யாரை மணக்கிறார் என்பதில் அந்தப் பிளவு பெரிதாகத் தலையிடுவதில்லை.

கூட்டணியில் யூரோப்பாவே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடிப்படையில் நான்கு ராஜதந்திர உறவுகளைத்தான் வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் மாதந்தோறும் புள்ளி கரையும். அந்தச் சிறிய எல்லைக்குள் பிரான்ஸை வைப்பதா, ஆஸ்திரியாவை வைப்பதா என்று எடைபோடுவது தேர்ந்த ராஜதந்திரம். நட்பு நாட்டை நாம் தொடுக்கும் போருக்கு அழைக்கக் கைம்மாறுப் புள்ளிகளைச் சேர்த்திருக்க வேண்டும். அளவுக்கு மீறி விழுங்கினால் அண்டை நாடுகள் எதிர்க்கூட்டணியாகத் திரளும். அரசர் மாறினாலும் நாடுகளின் கூட்டணி நிலைக்கும். குரூசேடர் கிங்ஸில் கூட்டணி மனிதர்களோடு கட்டுண்டது. மகளின் மணத்தால் வந்த நட்பு, அந்த உறவின் இரு முனைகளிலும் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அரசர் இறந்த இரவில், பங்கீடு நம்மை மிகவும் பலவீனமாக்கிய அதே நேரத்தில், கூட்டாளிகளும் விலகக்கூடும். எனவே என் கணக்கில் பிள்ளைகளின் நிச்சயதார்த்தம், தந்தையின் இன்றைய போரைவிட மூத்த மகனின் முதல் ஐந்தாண்டுகளைக் காப்பதற்கே செய்யப்படுகிறது.

குலம் என்பதில் குரூசேடர் கிங்ஸ் காட்டும் கண்டிப்புக்கு நம் வரலாற்றிலேயே ஒரு சோதனை உண்டு. அதன் வரைபடத்தில் இந்தியாவும் இருக்கிறது. 1066-இல் சோழ அரியணையில் இருந்தவர் வீரராஜேந்திரர். 1070-இல் அது முதலாம் குலோத்துங்கனிடம் வந்தது. அவர் வேங்கியின் கீழைச் சாளுக்கிய மன்னர் ராஜராஜ நரேந்திரனுக்கும் முதலாம் ராஜேந்திரனின் மகள் அம்மங்கா தேவிக்கும் பிறந்தவர். வரலாறு அவரைச் சோழர் என்றே ஏற்றுக்கொண்டது. விளையாட்டிலோ பிள்ளை வழக்கமாகத் தந்தையின் குலத்தைச் சேரும் என்பதால், சோழ குலத்தில் வேறு வாரிசே இல்லாமல் அவர் பட்டத்துக்கு வந்தால், சோழராக ஆடுபவருக்கு ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். பெண் கொடுக்கும்போதே தாய்வழித் திருமணமாகப் பேசி முடித்தால்தான் பேரன் நம் குலத்தில் நிற்பான். அதற்கு மாப்பிள்ளை வீட்டார் எளிதில் இணங்குவதில்லை.

என் சாய்வுக்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் உள்ளன. 1200-க்குப் பிறகு மூத்த மகன் உரிமை கிடைத்துவிட்டால் மேலே சொன்ன நெருக்கடியில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. அங்கிருந்து 1453 வரை ஆடுவது எனக்குச் சலிப்பாகவே இருக்கிறது, பெரும்பாலான ஆட்டங்களை அந்தக் கட்டத்திலேயே விட்டுவிடுகிறேன். யூரோப்பாவுக்கு அந்த நோய் இவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. இஸ்லாமிய அரசுகளையும் பைசாந்தியப் பேரரசையும் நான் மேலோட்டமாகவே ஆடியிருக்கிறேன். அங்கே வாரிசுச் சிக்கல் வேறு வகையானது, ஆகவே மேற்கண்ட கணக்கை அப்படியே அவற்றுக்குப் பொருத்த வேண்டாம். யூரோப்பாவிலும் ஐரோப்பாவுக்கு வெளியே என் அனுபவம் மெலிந்ததே. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடுவோருக்கு யூரோப்பா ஏற்றது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் தனியாகவே ஆடுபவன்.

செலவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விரிவாக்கங்கள், அதாவது தனியாக வாங்க வேண்டிய கூடுதல் தொகுப்புகள், ஏராளம். வேறுபாடு என்னவென்றால், தகுதியற்ற இளவரசரை விலக்குவது போன்ற அடிப்படை வசதியே யூரோப்பாவில் நெடுங்காலம் தனி விரிவாக்கத்துக்குள் இருந்தது. குரூசேடர் கிங்ஸில் பங்கீடு, வாரிசுரிமை ரத்து, தானிஸ்ட்ரி, மதக் கோட்பாடுகள் அனைத்தும் அடிப்படைப் பதிப்பிலேயே வந்துவிடுகின்றன. அடிப்படைப் பதிப்பை மட்டும் தள்ளுபடி விலையில் வாங்கி, 1066-இல் முன்ஸ்டரை எடுத்து, பிள்ளைகளின் நிச்சயதார்த்தங்களை முடித்துவிட்டு அதன் பிறகே முதல் போரை அறிவிப்பது புதியவருக்கு நான் சொல்லும் வழி. வேறொருவரின் நிலத்தைத் தொடும் முன் வாரிசுப் பட்டியலைத் திறந்து, இன்றே இறந்தால் எது யாருக்குப் போகும் என்பதைப் பார்த்துவிட வேண்டும். அந்தத் திரையில் நம் கையை விட்டுப் போவதாகத் தெரிகிற ஒவ்வொரு வரியும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.