ரைக்கர் பெட்டி: பார்வைக்குச் சரி, பத்திரத்துக்கு இல்லை

பழைய போலீஸ் பேட்ஜ்களைக் கண்காட்சி மேசையில் வைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ரைக்கர் பெட்டியைத்தான். அட்டைப் பெட்டி, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, மேலே கண்ணாடி மூடி, மூடி நழுவாமலிருக்கப் பக்கவாட்டில் இரண்டோ நான்கோ குண்டூசி. வண்ணத்துப்பூச்சி, காய்ந்த இலை போன்ற எடையற்ற பொருள்களுக்காகப் பழகிவந்த பெட்டி இது. பித்தளையை உள்ளே வைக்கும்போதுதான் இதன் யோக்கியதை தெரியவரும்.

ஆழத்தைப் பார்த்து வாங்குங்கள். பரவலாகக் கிடைப்பவை முக்கால் அங்குலமும் ஒன்றேகால் அங்குலமும்; பேட்ஜுக்கு ஒன்றேகால்தான். முக்கால் அங்குலத்தில் பஞ்சுக்குப் போக மிஞ்சும் இடத்தில் தட்டையான காலர் பேட்ஜ் அடங்கும், குவிந்த ஹெல்மெட் நட்சத்திரம் அடங்காது. அமுக்கி மூடி ஊசி குத்தினால் அழுத்தம் முழுவதும் பேட்ஜின் உயர்ந்த புள்ளியில், அதாவது பெரும்பாலும் கிரீடத்தின் உச்சியில் விழும். அங்கே முலாம் தேயும், எனாமல் தெறிக்கும், உடையில் பொருத்துவதற்கான பின்புறத்து வளையக் காது மடங்கும். மடங்கிய காதை நிமிர்த்தப் போனால் பற்றாசு விட்டுக் காது கையோடு வந்துவிடும்.

நீள அகலத்தில் 8×12 அங்குலப் பெட்டி போதும். கேடய வடிவப் பேட்ஜ் ஆறு, அவற்றின் சீட்டுகளோடு நெருக்கமில்லாமல் உட்காரும். 12×16 பெட்டி பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் இருபது பித்தளைப் பேட்ஜ் சேர்ந்தால் எடை ஒரு கிலோவைத் தாண்டும். அட்டையில் குத்திய ஊசி அதைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை. தூக்கிச் செல்லும்போது பெட்டி சாய்ந்தால் மூடி திறந்துகொள்ளும்.

பெரிய குறை உள்ளேதான். மலிவான அட்டையிலிருந்து அமில ஆவி மெல்ல வெளியேறும். மூடிய பெட்டிக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. பித்தளை மங்கும், ஈயம் கலந்த வார்ப்புகளில் வெள்ளைப் பொடி பூக்கும். பஞ்சு இன்னொரு தொல்லை. அதன் இழை ஊசிக் கொக்கியிலும் நட்சத்திர முனையிலும் சிக்கும், பேட்ஜும் ஒரே இடத்தில் நிற்காது. ஆகவே வாங்கிய நிலையில் இந்தப் பெட்டியை ஒரு வாரக் கண்காட்சிக்கு மேல் நம்பக் கூடாது.

மாற்றியமைத்தால் கதை வேறு. பஞ்சை முழுக்க எடுத்துவிடுங்கள். அடியையும் நான்கு உட்பக்கங்களையும் அலுமினியப் படலம் ஒட்டிய தடுப்புத் தாளால் மூடுங்கள். அதன்மேல் 10 மி.மீ. கனத்தில் வெள்ளை பாலிஎத்திலீன் நுரைத்தகடு. மூடிய அறை வகையாக, அதாவது நுரைக் குமிழிகள் ஒன்றோடொன்று இணையாததாக இருக்க வேண்டும்; மெத்தைக் கடையில் கிடைக்கும் பாலியூரிதேன் பஞ்சு சில ஆண்டுகளில் உதிர்ந்து பிசுபிசுக்கும். தகட்டைத் துவைத்த, சாயமேறாத பருத்தித் துணியால் போர்த்தி, காதும் ஊசியும் இறங்கும் இடத்தில் மட்டும் கூர்கத்தியால் கீறுங்கள். பேட்ஜ் அந்தக் கீறலின் பிடியிலேயே நிற்கும். பசை வேண்டாம், ஒட்டுக்களிமண் வேண்டவே வேண்டாம். கம்பளி ஃபெல்ட் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் தவிர்க்க வேண்டும்: அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும்.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தை இந்தப் பெட்டிக்குள் போடுவது வீண். அட்டைக்கு இறுக்கம் கிடையாது, பொட்டலம் அறையின் ஈரத்தையே உறிஞ்சிச் சீக்கிரம் ஓய்ந்துபோகும். பெட்டியை அப்படியே இறுக்கமான பாலிபுரொப்பிலீன் டப்பாவில் வைத்து ஜெல்லை அந்த டப்பாவில் போட்டால்தான் பலன்.

மூடி நிஜக் கண்ணாடிதானா என்று பார்த்து வாங்குங்கள். அக்ரிலிக் என்றால் கீறல் விழும், தூசியை இழுக்கும், அதோடு போயிற்று. வளையும் பிவிசி தாள் என்றால் பெட்டியையே ஒதுக்குங்கள். சந்தேகமிருந்தால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, தாளின் ஓரத்தில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பிவிசியில் உள்ள குளோரின் இருக்கிறது. காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டிய சோதனை இது. பித்தளைமேல் பச்சைக் களிம்பு ஏற்றுவதில் பிவிசிக்கு நிகரில்லை.

பெட்டிக்குள் போகுமுன் பேட்ஜைப் பளபளவென்று தேய்க்கும் ஆசையை அடக்குங்கள். அம்மோனியா கலந்த பாலிஷ் பழைய முலாமைச் சுரண்டும், எழுத்துப் பள்ளங்களில் வெள்ளைப் பொடியாக உறையும். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, நைட்ரைல் கையுறையோடு எடுத்து வைத்தால் போதும். வெறும் விரலின் உப்பு பித்தளையில் ரேகையாகவே பதிந்துவிடும்.

விவரம் தெரிந்தவர் பேட்ஜின் முகத்தைவிட முதுகைத்தான் பார்க்கக் கேட்பார். தகட்டை அச்சில் வைத்து அடித்ததா, உருக்கி வார்த்ததா, காதா திருகா, தயாரித்தவர் முத்திரை உண்டா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். வார்ப்பு நகலில் ஊசித்துளைகளும், மூலத்தைவிடச் சற்றே சுருங்கிய அளவும் காட்டிக்கொடுக்கும். இந்தப் பெட்டி முதுகை முழுக்க மறைத்துவிடுகிறது. பின்புறப் புகைப்படத்தைச் சிறிதாக அச்சிட்டுச் சீட்டோடு வைப்பதே வழி.

சீட்டில் காலத்தைக் கவனமாக எழுதுங்கள். பிரிட்டிஷ் பேட்ஜ்களில் டியூடர் கிரீடம் (வளைவுகள் மேல்நோக்கிக் குவிந்த கிரீட வடிவம்) இருந்தால் 1901க்கும் 1950களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது என்பது பழைய கணக்கு. பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் சார்லஸ் 2022இல் மீண்டும் டியூடர் வடிவத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, கிரீடத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது.

தோள் பட்டை, ரிப்பன், துணிச் சின்னம் இவற்றைப் பித்தளையோடு ஒரே பெட்டியில் சேர்க்காதீர்கள். உலோகத்தின் பச்சை துணியில் ஏறும். துணிக்கென்று தனிப் பெட்டி வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விசிலும் கைவிலங்கும் இதில் அடங்கவே அடங்கா, அவற்றுக்கு ஆழமான கண்ணாடிப் பேழை வேண்டும்.

கூட்டம் வரும் மேசையில் குண்டூசியைப் பூட்டாக நினைக்க வேண்டாம். மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பில், கிழித்தால் தடம் காட்டும் முத்திரை நாடாவை வெளிப்பக்கமாக ஒட்டிவிடுங்கள்.