ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங்: கடையைப் பூட்டாமலே கோளாறு தேடலாம்

கோவில்பட்டியில் மாமா கடலைமிட்டாய் போடுகிறார். அவர் கடைக்கு வேர்ட்பிரஸ்ஸில் (இணையதளம் செய்யும் மென்பொருள்) வூகாமர்ஸ் (தளத்தில் கடை நடத்த உதவும் கூடுதல் நிரல்) வைத்து ஒரு தளம் போட்டுக்கொடுத்து, இன்றுவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, "பார்சல் எந்தத் தேதிக்கு வேணும்னு தளத்துலயே கேட்டு வாங்க முடியாதா மாப்ளே" என்றார். அதற்கென்று ஒரு ப்ளகினை, அதாவது தளத்தோடு சேர்க்கும் கூடுதல் நிரலை, நிறுவினேன், காலண்டர் அழகாக வந்தது, சரி என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே போன். செல்போனில் பார்ப்பவர்களுக்குப் பொருள் பக்கத்தில் மேலே இருக்கிற மூன்று கோடு மெனு திறக்கவில்லையாம், படத்தைத் தொட்டால் பெரிதாகவில்லையாம்.

புதிய ப்ளகினை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று எனக்கும் தெரியும், நிறுத்தியும் பார்த்தேன், சரியாகத்தான் ஆனது. ஆனால் அதற்குள் 11 பேர் தேதி போட்டு ஆர்டர் கொடுத்திருந்தார்கள், மாமாவுக்கும் அது ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. திரும்பப் போட்டுவிட்டு, தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதினேன். "எல்லா ப்ளகினையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. முறை சரிதான், ஆனால் எல்லாவற்றையும் நிறுத்தினால் வூகாமர்ஸும் சேர்ந்து நின்றுவிடும், கடையே காணாமல் போய்விடும். தீபாவளி நேரத்தில் அதை எப்படிச் செய்வது?

அப்போதுதான் ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங் ப்ளகினைக் கையில் எடுத்தேன். வேர்ட்பிரஸ் சமூகத்தினரே செய்து இலவசமாகத் தருவது. டூல்ஸ் மெனுவில் சைட் ஹெல்த் என்று ஒரு பக்கம் இருக்குமே, அது 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து எல்லோருடைய தளத்திலும் இருக்கிறது. இந்த ப்ளகினை நிறுவினால் அதே பக்கத்தில் ட்ரபிள்ஷூட்டிங் என்று ஒரு தாவல் கூடுதலாக வரும். அதில் உள்ள பட்டனை அமுக்கினால் எல்லா ப்ளகினும் நின்றுவிடும், தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமும் வேர்ட்பிரஸ்ஸோடு வரும் சாதா தீமுக்கு மாறிவிடும், ஆனால் உங்களுக்கு மட்டும். உள்நுழைந்து அந்த முறையை இயக்கிய ஆளின் கண்ணுக்குத்தான் தளம் வெறும் எலும்புக்கூடாகத் தெரியும். அதே நிமிடம் மதுரையில் இருந்து தளத்துக்குள் வரும் வாடிக்கையாளருக்குக் கடை எப்போதும் போல் திறந்தே இருக்கும். என் போனில் உள்நுழையாமல் தளத்தைத் திறந்து, லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: இங்கே வெறும் வெள்ளைப் பக்கத்தில் எழுத்து, அங்கே கடலைமிட்டாய்ப் படங்களோடு கடை. இந்த ஒரு வசதிக்காகவே இதற்கு ஐந்து நட்சத்திரமும் தருவேன்.

தேடிய கதையைச் சொல்கிறேன். மொத்தம் 23 ப்ளகின். முதலில் எங்கள் தீமைத் திரும்பக் கொண்டுவந்தேன், ஏனென்றால் மெனு தீமோடு சேர்ந்தது, அது இல்லாமல் சோதித்துப் பயனில்லை. அப்புறம் வூகாமர்ஸ், அதற்கடுத்து புதிய காலண்டர் ப்ளகின். பிரவுசரைப் போன் அகலத்துக்குச் சுருக்கி மூன்று கோட்டை அமுக்கினேன், திறந்தது. அதாவது புதிதாக வந்ததைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது, யாரோ ஒருவரோடு சேர்ந்தால்தான் சண்டை. டேஷ்போர்டிலேயே பட்டியல் இருக்கிறது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இயக்கு பட்டன். ஒன்றை இயக்குவேன், பொருள் பக்கத்தைப் புதுப்பிப்பேன், மெனுவை அமுக்குவேன், படத்தைத் தொடுவேன். ஏற்கெனவே இயக்கியதை நிறுத்தாமல் மேலே மேலே சேர்த்துக்கொண்டே போக வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள், இரண்டு பேர் சேர்ந்தால் மட்டும் வரும் கோளாறு தனித்தனியாகச் சோதித்தால் அகப்படவே அகப்படாது.

பதினான்காவதாக வேகம் கூட்டும் ப்ளகினை இயக்கியதும் மெனு செத்துவிட்டது. எஃப்12 அமுக்கி, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைப் பார்த்தால் ஒரு சிவப்பு வரி. நடந்தது இதுதான்: மெனு, காலண்டர் போன்றவற்றை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் எல்லாவற்றையும் அந்த வேக ப்ளகின் ஒரே கோப்பாகச் சேர்த்துத் தைக்கிறது. தைக்கும்போது காலண்டருக்குத் துணையாக முதலில் வர வேண்டிய ஒரு துண்டு பின்னால் போய்விட்டது. ஒரு கோப்புக்குள் ஓரிடத்தில் பிழை வந்து யாரும் அதைப் பிடிக்காவிட்டால் அதற்குக் கீழே உள்ள எதுவும் ஓடாது. தனித்தனிக் கோப்பாக இருந்திருந்தால் அந்த ஒன்று மட்டும் விழுந்திருக்கும், மற்றவை பாட்டுக்கு ஓடியிருக்கும். வேக ப்ளகினின் அமைப்பில் காலண்டர் கோப்புகளின் பெயர்களை "சேர்க்காதே" பட்டியலில் போட்டு, கேச்சை, அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைத்த பழைய நகல்களை, துடைத்தேன். தீர்ந்தது. மொத்தம் 40 நிமிடம், அந்த 40 நிமிடத்தில் மூன்று ஆர்டர் வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, தளம் முழுசாக விழுந்து, உள்ளே நுழையவே முடியாத நிலையில் இது கைகொடுக்காது, அதனால் நல்லபடியாக இருக்கும்போதே நிறுவி வையுங்கள். அப்படி விழுந்தால் முதலில் நிர்வாகி மின்னஞ்சலைப் பாருங்கள். 5.2 பதிப்பிலிருந்து, எந்த ப்ளகின் கவிழ்த்தது என்று சொல்லி, உள்ளே நுழைய ஒரு சிறப்பு இணைப்போடு வேர்ட்பிரஸ்ஸே கடிதம் அனுப்பும். பல தளங்களில் அந்த முகவரி எப்போதோ தளம் செய்துகொடுத்தவருடையதாக இருக்கிறது, அதை இன்றைக்கே சரிபாருங்கள். கடிதமும் வரவில்லையா, ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் wp-content என்ற ஃபோல்டரில் இருக்கும் ப்ளகின்ஸ் (plugins) ஃபோல்டருக்குள் போய், கடைசியாக நிறுவியதன் ஃபோல்டர் பெயரை மாற்றினால் போதும், அது நின்றுவிடும்.

இரண்டாவது, கேச். உள்நுழைந்தவர்களுக்கு வேக ப்ளகின்கள் பலவும் வேறு பக்கத்தைத் தரும். எங்கள் தளத்தில் உள்நுழைந்தவர்களுக்கும் கோப்புகளைச் சேர்த்தே கொடு என்ற தேர்வு போட்டிருந்ததால்தான் கோளாறு என் கண்ணுக்குத் தெரிந்தது, இல்லாவிட்டால் 23-ஐயும் இயக்கி முடித்து எல்லாம் சரி என்றே நினைத்திருப்பேன். ஹோஸ்டிங்காரர்கள் கட்டாயமாகப் போட்டு வைக்கும் எம்யூ ப்ளகின்களையும் இது நிறுத்தாது.

மற்றபடி கூடவே வரும் கருவிகளில் நான் அடிக்கடி தொடுவது இரண்டுதான். வேர்ட்பிரஸ்ஸின் மூலக் கோப்புகளில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று அசலோடு ஒப்பிடும் சோதனை ஒன்று, மின்னஞ்சல் உண்மையிலேயே போகிறதா என்று அனுப்பிப் பார்ப்பது இன்னொன்று.

எனக்கு இதில் மாற்ற வேண்டும் என்று தோன்றுவது ஒன்று உண்டு. ட்ரபிள்ஷூட்டிங் முறையில் இருக்கும்போது பார்வைதான் உங்களுக்கு மட்டும், நீங்கள் சேமிக்கும் அமைப்புகள் உண்மையானவை, வாடிக்கையாளருக்கும் அப்படியே போகும். அன்றைக்கு அந்த முறையில் இருந்தபடியே கூரியர் கட்டணத்தைச் சோதனைக்காகச் சுழியம் என்று மாற்றிச் சேமிக்கப் போனேன், கடைசி நொடியில் நினைவு வந்து கையை எடுத்தேன். சேமிக்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்பு எச்சரிக்கை வைத்திருக்கலாம்.