ஸ்டிர்லிங்கில் நடுவூர் ஹோட்டல்: இடம் அருமை, படிதான் பிரச்சினை

பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்து போகிற நம்ம கோவை, ஈரோட்டுக்காரர்கள் எடின்பரோவோடு நிறுத்திக்கொள்ளாமல், அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஸ்டிர்லிங்கிலும் தங்கிப் பார்க்கலாம். நாங்கள் எடுத்தது ரயில்வே ஸ்டேஷனுக்கும் கோட்டைக்கும் நடுவில், கடைத்தெருவிலேயே இருக்கும் ஒரு பழைய கல் கட்டடம். பெட்டியை உருட்டிக்கொண்டே வந்துவிடலாம், டாக்ஸியே வேண்டாம். இடத்துக்கு முழு மார்க்.

ஆனால் லிஃப்ட் கிடையாது. புக் பண்ணும் பக்கத்தில் இது கண்ணில் படும்படி எங்கேயும் இல்லை. குறுகலான மரப்படி, மேலே போகப்போக இன்னும் குறுகுகிறது, அத்தைக்கோ முழங்கால் வலி. ரிசப்ஷனில் இருந்த பெண் முகம் சுளிக்காமல் பெட்டிகளைத் தூக்கி வந்து கொடுத்தார், அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும், கீழே அறை காலியில்லை. வாஷ்பேசினில் சுடுதண்ணிக்கு ஒரு குழாய், பச்சைத்தண்ணிக்கு ஒரு குழாய், இரண்டும் கலக்காது. தெருப் பக்கம் அறை என்றால் சனிக்கிழமை ராத்திரி பப்பிலிருந்து வருகிறவர்களின் பாட்டுக் கச்சேரி இலவசம், அதனால் பின்பக்க அறையாகக் கேட்டு வாங்குங்கள். ஜூன் மாதம் பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது, திரைச்சீலையோ மெல்லிசு. "ஏங்கண்ணு, இந்த ஊர்ல பொழுதே உழுகாதா?" என்று மாமா தினமும் கேட்டார்.

கோட்டைக்கு நடந்தே போகலாம், ஆனால் மேடு, கல் பாவிய தெரு. சங்ககிரி மலைக்கோட்டை ஏறினவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. அத்தையை மட்டும் டாக்ஸியில் அனுப்பினோம். போகிற வழியில் ஹோலி ரூட் சர்ச், ஆறாம் ஜேம்ஸுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே 1567இல் முடிசூட்டிய இடம். கோட்டை டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்தால் கொஞ்சம் குறைவு. மேலே இருந்து பார்த்தால் தூரத்தில் வாலஸ் நினைவுக் கோபுரம் தெரியும், ஏறுவதற்கு 246 படி. 1297இல் ஸ்டிர்லிங் பாலத்தில் ஆங்கிலேயரை அடித்த அந்த வில்லியம் வாலஸை 1305இல் லண்டனில் கொன்றார்கள் என்றதும், மாமா சட்டென்று "சின்னமலையத் தூக்குல போட்டது 1805ங்க" என்றார். சரியாக ஐநூறு வருஷம்! அதற்கப்புறம் வாலஸ் கதையை விடவே இல்லை, ரிசப்ஷன் பெண்ணிடமும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லி தீரன் கதை முழுக்கச் சொன்னார்.

காலைச் சாப்பாடு வாடகையிலேயே சேர்த்தி. பிளாக் புட்டிங் என்று கருப்பாக வட்டமாக இருப்பது ரத்தத்தில் செய்தது, சைவக்காரர்கள் கை வைத்துவிடாதீர்கள். கஞ்சி, காளான், பீன்ஸ், உருளைக்கிழங்கில் தட்டையாகச் சுட்ட ஸ்கோன், இதுவே வயிறு நிறைய இருந்தது. அறையில் கெட்டில் உண்டு, டீத்தூள் பையும் ஷார்ட்பிரெட்டும் தினமும் வைக்கிறார்கள். கார் எடுத்துப் போகிறவர்கள் பார்க்கிங் உண்டா என்று கேட்டுவிட்டு புக் பண்ணுங்கள், நாங்கள் தங்கிய இடத்தில் இல்லை.