தர்பூசணியா, முலாம்பழமா? வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது எது?

இரண்டுமே வெயில் கேட்கும் கொடிகள், இரண்டுமே பூசணிக் குடும்பம். விதை ஊன்றி மூன்று மாதத்துக்குள் கதை முடிந்துவிடும். மண் குளிர்ந்திருந்தால் இரண்டு விதையும் முளைக்காமல் அழுகும். 25 டிகிரிக்கு மேல் சூடு ஏறியிருந்தால் ஒரு வாரத்தில் தலைகாட்டும். ஒற்றுமை அதோடு சரி. வளர்க்க இறங்கினால் இரண்டும் இரண்டு விதமான ஆளைக் கேட்கும்.

இடத்தை வைத்துப் பார்த்தால் முலாம்பழம்தான், சந்தேகமே இல்லை. தர்பூசணிக் கொடி 3, 4 மீட்டர் சாதாரணமாக ஓடும். ஒரு செடிக்கு 2 சதுர மீட்டராவது ஒதுக்க வேண்டும். அவ்வளவு இடத்தையும் அடைத்துக்கொண்டு அது தருவது ஒன்று அல்லது இரண்டு நல்ல பழம். முலாம் கொடியைப் பந்தலிலோ வலையிலோ ஏற்றிவிட்டால் செடிக்குச் செடி 60 செ.மீ. விட்டால் போதும், மூன்று நான்கு பழம் எதிர்பார்க்கலாம். மாடியில் பை வைத்து வளர்ப்பவர்கள் 20, 25 லிட்டர் பையில் முலாமைச் சமாளித்துவிடலாம். தர்பூசணிக்கு அதுபோல் இரண்டு மடங்கு மண் வேண்டும். சுகர் பேபி மாதிரி சின்ன ரகத்தைப் பந்தலில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவே 3 கிலோவைத் தாண்டும். பந்தல் தாங்கினாலும் காற்று அடிக்கும் இடத்தில் கொடி தாங்காது. தரை இல்லாதவர்கள் தர்பூசணியை விட்டுவிடுவது நல்லது.

பந்தலில் முலாமுக்கும் ஒரு வேலை உண்டு. காய் எலுமிச்சை அளவைத் தாண்டியதும் வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் கம்பியில் கட்டிவிட வேண்டும். பழுத்ததும் காம்பை விட்டுத் தானே கழலும் பழம் அது. பை இல்லையென்றால் காலையில் தரையில்தான் பொறுக்க வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது கவாத்து, அதாவது கொடியைக் கிள்ளி ஒழுங்குபடுத்துவது. முலாமில் காய் பிடிக்கும் பூக்கள் பெரும்பாலும் பக்கக்கிளைகளின் முதல் இரண்டு கணுக்களில்தான் வரும். நடுக்கொடியை அதன் போக்கில் விட்டால் ஆண் பூவாகப் பூத்துக்கொண்டே போகும். ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள்; பக்கக்கிளைகள் கிளம்பும், காயும் சீக்கிரம் இறங்கும். தர்பூசணியில் இதைச் செய்யாதீர்கள். அது நடுக்கொடியிலேயே காய்க்கும்; நுனியைக் கிள்ளினால் வரவேண்டிய காயையும் தள்ளிப்போட்டதாகிவிடும்.

தேனீ வராத மாடியில் மகரந்தத்தை நாம்தான் சேர்க்க வேண்டும். பெண் பூவுக்கு அடியில் பூவிதழுக்குக் கீழேயே குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். தர்பூசணியில் அது மெல்லிய ரோமத்தோடு பளிச்சென்று தெரியும். அன்று காலை விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மூன்று பக்கமும் மெதுவாகத் தடவுங்கள். வெயில் ஏறுவதற்குள் செய்ய வேண்டும், அந்தப் பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. பெரும்பாலான முலாம் ரகங்களில் காய்க்கும் பூவிலேயே மகரந்தமும் இருக்கும். ஆனாலும் அது தானாக ஒட்டிக்கொள்ளாது. தேனீயோ தூரிகையோ வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் தர்பூசணி பொறுமைசாலி. வேர் ஆழமாக இறங்குவதால் தரையில் இருந்தால் ஒரு நாள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. முலாமுக்குச் சீரான ஈரம் வேண்டும். இரண்டுக்குமே பழுக்கும் கடைசி வாரம் தண்ணீரைக் குறைத்தால்தான் இனிப்பு நிற்கும். அந்த நேரத்தில் பாசமாக ஊற்றினால் பழம் வெடிக்கும், இல்லையென்றால் சப்பென்று போகும்.

நோயில் முலாம் நிச்சயம் பின்தங்கும். அகன்ற இலையில் மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் வந்து உட்காரும். தர்பூசணியின் வெட்டுவெட்டான இலையில் அது அவ்வளவாக வராது. இலை போனால் பழம் பழுத்தாலும் இனிக்காது, சர்க்கரையைச் செய்வதே இலைதான். அதனால் அடி இலைகளைக் கழித்து, காற்றோட்டம் விட்டு, தண்ணீரை இலையில் படாமல் வேரில் ஊற்றுங்கள். பழ ஈ இரண்டையும் குத்தும். பிஞ்சிலேயே காகித உறை மாட்டுவதுதான் எனக்குத் தெரிந்து நம்பகமான வழி. முலாம் சின்னது என்பதால் அதற்கு உறை மாட்டுவது சுலபம்.

எப்போது பறிப்பது என்பதில் முலாம் நம்மைக் காப்பாற்றிவிடும். வலைபோல் கோடு விழும் ரகமாக இருந்தால் மணம் வரும், தோலின் பச்சை மஞ்சளாகும், காம்பைச் சுற்றி வட்டமாக விரிசல் விடும், கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் கழன்றுவிடும். தர்பூசணி வாயே திறக்காது. தட்டிப் பார்த்துச் சொல்பவர்களை நான் பெரிதாக நம்புவதில்லை. காய் இருக்கும் கணுவில் கொடி பற்றிக்கொள்ள விடும் சுருள் காய்ந்திருக்கிறதா, தரையில் படிந்த பக்கம் வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் மட்டும் கத்தியை எடுங்கள். பறித்த பிறகு இரண்டிலுமே இனிப்பு கூடாது. முலாம் மென்மையாகும், வாசனை ஏறும், அவ்வளவுதான். வைத்துச் சாப்பிட வேண்டுமென்றால் தர்பூசணிதான், முழுப்பழம் இரண்டு வாரம் தாங்கும். முலாம் சில நாளில் குழைந்துவிடும்.

பக்கத்தில் வெள்ளரி இருந்தால் முலாம் கசக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று கருவுறாது, தர்பூசணியும் அப்படியே. விதை எடுத்து வைப்பவர்கள் பயப்பட வேண்டியது வேறு முலாம் ரகங்களுக்கும் வெள்ளரிப்பழத்துக்கும்தான் (பெயரில் வெள்ளரி இருந்தாலும் அது வெள்ளரிக்காயின் பழம் அல்ல). அவை ஒரே இனம், கலந்துவிடும். அந்தக் கலப்பும் இந்த வருடப் பழத்தின் ருசியைத் தொடாது, அடுத்த விதைப்பில்தான் தெரியும். விதையில்லாத் தர்பூசணி ஆசையையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பக்கத்தில் விதையுள்ள ரகம் ஒன்றை மகரந்தத்துக்காகவே வளர்க்க வேண்டும். சின்னத் தோட்டத்தில் இரண்டு தர்பூசணிக்கு இடம் எங்கே?