ஓட்டை அடைபட்டால் தமிழ் போய்விடும்: இ-ரீடரும் கோரீடரும், நெடுநாள் அனுபவம்

என் இ-ரீடரில் வைஃபையை நான் திறப்பதே இல்லை. திறந்தால் கருவி தன் நிறுவனத்தின் சர்வரோடு பேசும். புதிய ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) இருந்தால் இறக்கிக்கொள்ளும், நான் தூங்கும் நேரத்தில் தானாகவே நிறுவிக்கொள்ளும். மறுநாள் பார்த்தால் கோரீடர் என்ற வாசிப்பு மென்பொருளைத் திறக்கும் வழி அடைபட்டிருக்கும். கோரீடர் இல்லாவிட்டால் அந்தக் கருவியில் எனக்குத் தமிழ் இல்லை.

அதே கருவியின் விலை இப்போது இறங்கியிருக்கிறது. வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். "நல்ல கருவிதான், ஆனால்..." என்று தொடங்கிய பதில் முடிகிற வழியாக இல்லை, அதனால் எழுதியே விடுகிறேன். திரை அளவு, சேமிப்பிடம், விளக்கின் நிறம் எல்லாம் எந்த விமரிசனத்திலும் கிடைக்கும். நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இதே ஏற்பாடு வேறு பல கருவிகளிலும் உண்டு, என் கோபம் அந்த ஏற்பாட்டின் மேல்தான்.

கருவியோடு வரும் மென்பொருளில் தமிழ் மின்னூலைத் திறந்தால் எழுத்து தெரியும், ஆனால் படிக்கச் சகிக்காது. 'கெ'யில் முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். 'கொ' உடைந்து இரண்டு மூன்று துண்டாகக் கிடக்கும், நடுவே ஒரு புள்ளிவட்டம் முளைத்திருக்கும். சில வரிகளில் எழுத்து ஒரு வரியிலும் அதன் குறி அடுத்த வரியிலுமாகப் பிரிந்துபோகும். யூனிகோடில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி பிறகும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யும் கட்டற்ற நூலகம் ஹார்ஃப்பஸ். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆஃபீஸ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். அப்படியிருந்தும் காசு கொடுத்து வாங்கிய வாசிப்புக் கருவியில் தமிழ் உடைந்துதான் வந்தது.

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒவ்வொரு நூலையும் இபப் என்ற மின்னூல் வடிவத்தோடு 6 அங்குல பிடிஎஃப் ஆகவும் தருகிறார்கள். எழுத்து உடையாமல் படிக்க எனக்கு நெடுநாள் அந்தப் பிடிஎஃப்தான் வழி. ஆனால் அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் திரையை விட்டு வெளியே போய்விடும்.

கோரீடரைப் போட்ட அன்று தமிழ் நூல்களை இலவசமாக மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத்தின் இபப் ஒன்றைத் திறந்தேன். எழுத்துகள் அச்சுப் புத்தகத்தில் இருப்பதுபோல் அதனதன் இடத்தில் நின்றன. கோரீடர் ஏஜிபிஎல் என்ற உரிமத்தில் வரும் கட்டற்ற மென்பொருள், யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். அதன் எழுத்து இயந்திரம் ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துகிறது. எனக்குப் பிடித்த எழுத்துருவை ஒரு கோப்புறையில் போட்டால் உடனே பட்டியலில் வந்துவிடுகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் வரிகளை இருபுறமும் சமமாக்கினால் சொற்களுக்கிடையே பெரிய பள்ளங்கள் விழும். சொல் இடைவெளியை எவ்வளவு விடலாம், எழுத்துகளை எவ்வளவு தளர்த்தலாம் என்பதற்குத் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. கொஞ்ச நேரம் செலவிட்டுச் சரிசெய்ததும் பள்ளங்கள் மறைந்தன. பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளுக்கு ஓரத்தை வெட்டலாம், மங்கிய மையைக் கறுப்பாக்கலாம். இத்தனை ஆண்டுகளில் நான் தமிழில் படித்ததில் பெரும்பகுதி இந்தத் திரையில்தான். எனக்குக் கிடைத்த மிக நல்ல வாசிப்பு மென்பொருள் இது, தயங்காமல் சொல்வேன்.

பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் இதை எழுதுகிறார்கள். எனக்குத் தெரியாத யாரோ தமிழ் தெரியாமலே என் மொழியின் எழுத்து சரியாக நிற்க உழைத்திருக்கிறார்கள். அந்த நன்றியும் என் கோபத்துக்கு ஒரு காரணம்.

ஏனென்றால் கோரீடரை என் கருவியில் நேராக நிறுவ வழியில்லை. முதலில் ஜெயில்பிரேக் செய்யவேண்டும். ஜெயில்பிரேக் என்றால், நிறுவனத்தின் மென்பொருளில் யாரோ ஒருவர் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டை வழியாக உள்ளே போவது. அந்த ஓட்டையை அடுத்த அப்டேட் அடைத்துவிடும். ஆகவே அப்டேட் வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சிலர் சேமிப்பிடத்தை வெற்றுக் கோப்புகளால் நிரப்பிவைக்கிறார்கள், இறக்க இடம் இல்லாவிட்டால் அப்டேட் வராது என்று. நான் வைஃபையை மூடிவைத்திருக்கிறேன். கோரீடரில் ஒரு சொல்லை அழுத்திப் பிடித்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடித்தரும் அருமையான வசதி உண்டு. அதற்கு வைஃபை வேண்டும். கணினியில் மின்னூல்களை ஒழுங்குபடுத்தும் காலிபர் என்ற மென்பொருளிலிருந்து கம்பியில்லாமல் நூல்களை அனுப்பும் வசதிக்கும் வைஃபை வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டேன். யுஎஸ்பி கம்பிதான்.

எத்தனை ஆண்டு ஆனாலும் இந்த உறுத்தல் எனக்குக் குறையவில்லை. மற்ற எல்லாக் கருவிகளிலும் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்த அன்றே போடுகிறவன் நான். வீட்டில் மற்றவர்களையும் போடச் சொல்லி நச்சரிக்கிறவன். ஒரே ஒரு கருவியில் மட்டும் ஓட்டை அடைபடாமல் இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லியாகவேண்டும். ஓட்டை நான் நுழையும் வழி மட்டுமாக இருந்துவிடாது, வேறு யாரும் அதே வழியில் வரலாம். மின்னூல்தானே, அதில் என்ன ஆபத்து என்று நினைக்கவேண்டாம். 2021-இல் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தீங்கான மின்னூல் ஒன்றைத் திறந்தாலே கிண்டில் கருவி முழுவதும் தாக்குபவரின் கைக்குப் போகும் என்று காட்டினார்கள். கணக்கு விவரங்களைத் திருடலாம், நூல்களை அழிக்கலாம். அவர்கள் முன்கூட்டியே தெரிவித்ததால் அதை வெளியில் பேசும் முன்பே அமேசான் அப்டேட் அனுப்பிச் சரிசெய்துவிட்டது. அதைச் செய்தது முற்றிலும் சரி. ஓட்டையை அடைப்பதற்காக எந்த நிறுவனத்தையும் நான் குறைசொல்ல மாட்டேன். அடைக்காமல் விட்டிருந்தால்தான் குறைசொல்லியிருப்பேன்.

ஓட்டையை விட்டால் வேறு வழியே வைக்கவில்லை என்பதுதான் என் புகார்.

இந்தக் கருவி ஓடுவது லினக்ஸில். அதற்குள் பிஸிபாக்ஸும் இன்னும் பல கட்டற்ற மென்பொருள்களும் இருக்கின்றன. ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பு சொல்வதற்கேற்ப நிறுவனம் அவற்றின் மூலநிரலைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. இறக்கிப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் திருத்தித் தொகுத்து என் கருவியில் போட்டால், கருவியைத் தொடக்கிவைக்கும் நிரலான பூட்லோடர் ஏற்காது, நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் கேட்கும். டிவோ என்ற டிவி ரெக்கார்டர் முன்பு இதையேதான் செய்தது: லினக்ஸின் மூலநிரலைக் கொடுத்தது, திருத்திய பிரதியைக் கருவியில் ஓடவிடவில்லை. அதற்குப் பதிலடியாகத்தான் 2007-இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், வீட்டுப் பயன்பாட்டுக் கருவி என்றால் திருத்திய பிரதியை நிறுவத் தேவையான விவரங்களையும் கையொப்பமிடும் சாவிகளையும் தரவேண்டும் என்ற விதி சேர்ந்தது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த விதியை ஏற்கவில்லை, லினக்ஸ் கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது. மென்பொருள் உரிமம் வன்பொருளின் வடிவமைப்பில் தலையிடக்கூடாது என்ற அவர் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதை ஏற்க முடியவில்லை. படிக்க மட்டும் கொடுத்த மூலநிரலால் எனக்கு என்ன பயன்?

கையொப்பம் கேட்பது பாதுகாப்புக்காக என்பார்கள். அப்படியானால் சாவியை உரிமையாளரும் வைத்துக்கொள்ள விடலாமே. கூகுளின் பிக்சல் போன்களில் பூட்லோடரை உரிமையாளர் திறக்கலாம். திறக்கும்போது உள்ளே இருக்கும் தரவு முழுவதும் அழிந்துவிடும், திருடனுக்குப் பயன்படாது. பிறகு தன் சொந்தச் சாவியைப் பதிந்து மறுபடி பூட்டவும் முடியும், கிராஃபீன்ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளம் அப்படித்தான் நிறுவப்படுகிறது. பெரும்பாலான கணினிகளில் தொடக்கத்தில் கையொப்பம் சரிபார்க்கும் 'செக்யூர் பூட்' வசதியிலும் சொந்தச் சாவியைச் சேர்க்கலாம். கோபோ இ-ரீடர்களில் இவ்வளவு கூட வேண்டாம். குறிப்பிட்ட கோப்புறையில் ஒரு கோப்பைப் போட்டு மறுதொடக்கம் செய்தால் அது நிறுவிக்கொள்ளும், கோரீடர் அதற்கென ஓட்டை எதையும் தேடவேண்டியதில்லை. ஆகவே பாதுகாப்பும் வேண்டும், உரிமையாளருக்கு இடமும் வேண்டும் என்றால் அதற்கு வழி தெரிந்தேதான் இருக்கிறது.

பூட்டு இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் டிஆர்எம், அதாவது மின்னூலைப் பிரதியெடுக்க விடாத பூட்டு, என்றுதான் நான் நினைக்கிறேன். கடையில் வாங்கிய நூல்களைக் கோரீடர் திறக்காது. பூட்டை உடைக்கும் நிரல் எதுவும் அதில் இல்லை, இருக்கவும் கூடாது என்பதே அதை எழுதுகிறவர்களின் நிலை. அதனால் ஒரே கருவியில் இரண்டு நூலகங்கள் வைத்திருக்கிறேன். பூட்டில்லாத நூல்கள் கோரீடரில் அழகாக, காசு கொடுத்து வாங்கியவை பழைய மென்பொருளில் உடைந்த தமிழோடு. காசு கொடுத்தவனுக்குத்தான் மோசமான பிரதி கிடைக்கிறது.

எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் பணம் போகவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது, வாங்கித்தான் படிக்கிறேன். ஆனால் பூட்டினால்தான் அது நடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டோர் பதிப்பகம் 2012-இல் தன் மின்னூல்களின் டிஆர்எம் பூட்டை எடுத்துவிட்டது. கள்ளப் பிரதிகள் கண்ணில் படும்படி கூடவில்லை என்று ஓராண்டு கழித்து அதன் பிரிட்டன் பிரிவே சொன்னது. பூட்டுள்ள நூலின் கதியை 2019-இல் பார்த்தோம். மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியதும் வாங்கிய நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது நியாயம்தான். நூல்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

பதிப்புரிமையைக் காக்கப் போட்ட பூட்டே பாதுகாப்பைக் கெடுத்த கதையும் உண்டு. 2005-இல் சோனி பிஎம்ஜி தன் இசைத்தட்டுகளில் வைத்த எக்ஸ்சிபி என்ற நிரல், தட்டைக் கணினியில் போட்டு அதிலுள்ள மென்பொருளை நிறுவினால் விண்டோஸின் அடியில் ரூட்கிட்டாக ஒளிந்துகொண்டது. குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்தது. அது வெளியில் தெரிந்த சில வாரங்களிலேயே தீநிரல் எழுதுகிறவர்கள் அந்த மறைவிடத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச்தான் அதைத் தன் கணினியில் கண்டுபிடித்து வெளியிட்டார், சோனி தட்டுகளைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. அந்த நிரலுக்குள்ளேயே லேம் என்ற கட்டற்ற எம்பி3 திட்டத்தின் நிரல்துண்டுகளும் உரிம நிபந்தனையை மதிக்காமல் சேர்க்கப்பட்டிருந்தன. பிறர் பதிப்புரிமையை மதிக்காத நிரல் பதிப்புரிமைக்குக் காவல் நின்றது.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதற்கு அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தைப் பார்த்தால் போதும், 1998-இல் வந்தது. பூட்டை உடைப்பதே அதில் குற்றம், உள்ளே இருப்பது நீங்கள் வாங்கிய பொருளாக இருந்தாலும். 2001-இல் ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்ல்யாரவ் அடோபி மின்னூல் பூட்டு பற்றி லாஸ் வேகாஸ் மாநாட்டில் பேசிய கையோடு கைதானார். அவர் வேலைசெய்த எல்காம்சாஃப்ட் நிறுவனத்தை 2002-இல் நடுவர் குழு குற்றமற்றது என்று விடுவித்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அங்கே விதிவிலக்குகள் தருகிறார்கள். 2010-இல் போன்களை ஜெயில்பிரேக் செய்ய அனுமதி கிடைத்தது, 2015-இல் டேப்லெட்டுகளுக்கும் வந்தது. ஆனால் பலவகை நிரல்களை ஓட்டுவதற்கான பொதுக் கருவிகள் மட்டும், ஒரே வகை ஊடகத்துக்கென்று செய்தவை சேராது என்று அதே விதியில் எழுதிவிட்டார்கள். இ-ரீடர் வெளியே நின்றுவிட்டது. டேப்லெட்டில் படித்தால் ஒரு நியாயம், இ-ரீடரில் படித்தால் வேறு நியாயம் என்பதை எந்த வாசகரால் ஏற்க முடியும்?

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். அந்தப் புகழ் முழுவதும் திரைக்கும் கோரீடருக்கும் உரியது. இப்போது கடையிலிருந்து வரும் கருவியில் புதிய ஃபர்ம்வேர் இருக்கும், அதில் வழி இருக்குமா என்று யாராலும் உறுதி தர முடியாது. விலை பாதியானாலும் என் பதில் இதுதான். உரிமையாளரை உள்ளே விடும் கருவியைப் பாருங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. என்னுடையதை நான் விடப்போவதில்லை, பேட்டரி ஓய்ந்தால் மாற்றிக்கொள்வேன். அடுத்தது நிச்சயம் வேறு நிறுவனத்துடையது.

ஏற்கெனவே கோரீடர் வைத்திருந்து தமிழ் சரியாக வரவில்லை என்பவர்கள், நூலைத் திறந்து கீழ்ப் பட்டியில் எழுத்துரு அமைப்புக்குப் போய் 'ஃபாண்ட் கெர்னிங்' என்பது 'பெஸ்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஃபாஸ்ட்' அல்லது 'ஆஃப்' என்றிருந்தால் கொம்புகள் மறுபடி இடம் மாறிவிடும்.