மாரியில் இறுகும் கதவு, திரும்பாத கைபிடி: நீண்ட காலப் பாவிப்பில் கண்டவை

கிளிநொச்சிப் பக்கம் மீளக்குடியேறி, இந்திய வீட்டுத் திட்டத்தின் 550,000 ரூபாவோடு கைக்காசும் போட்டுக் கட்டிய வீடு எங்களுடையது. கூரை ஏறி முடிய, கதவுக்கென்று மிஞ்சியது கொஞ்சம்தான். வாசலுக்கு மட்டும் முதிரை, அறைகளுக்கு விலை குறைந்த பலகை, எல்லா அறைக்கும் உருண்டைக் கைபிடிப் பூட்டு. கட்டி முடித்த நாளிலிருந்து அதே கதவுகளோடு இருக்கிறோம். எங்கள் வீட்டிலும் அயலிலும் ‘பூட்டுப் பழுது’ என்று சொல்லப்பட்டவற்றில் முக்கால்வாசி பூட்டின் பழுதே இல்லை. கடைக்குப் போக முதல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைபிடியைத் திருப்பிப் பாருங்கள். கதவு விளிம்பில் நீட்டிக்கொண்டு நிற்கும் பூட்டின் நாக்கு சுகமாக உள்ளே போய் வெளியே வந்தால் பூட்டு நல்லது. சாத்தினால் மட்டும் மக்கர் என்றால், கதவையும் நிலையையும்தான் பார்க்க வேண்டும்.

ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் பலகை ஈரத்தைக் குடித்து ஊதும். மரம் நீளவாக்கில் ஊதுவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் ஊதும். அதனால்தான் பூட்டுப் பக்கத்து விளிம்பு நிலையில் போய் இறுகுகிறது. உடனே சீவுளியை எடுக்கத் தோன்றும். பக்கத்து வளவில் தச்சு வேலை செய்யும் அண்ணர் மார்கழியில் என்னைத் தடுத்தார்: “இப்ப சீவாதை தம்பி. எங்க முட்டுதோ பென்சிலால கோடு போட்டு வை, பங்குனி வரட்டும்.” அவர் சொன்னது சரி. மாரியில் தாராளமாகச் சீவிய கதவு கோடையில் சுருங்கும்போது இடைவெளி விழும். நாக்கு நிலையிலுள்ள துளையை எட்டாது, காத்துக்கே கதவு திறக்கும். பங்குனி வெயிலில் கோட்டை மட்டும் பார்த்து மெல்லச் சீவினோம். அப்புறம் கதவைக் கழற்றி, மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயின்ற் அடித்தோம். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று அதை அநேகமாக எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஈரம் கூடுதலாக ஏறுவது அந்த வெட்டு முனைகளால்தான். அதற்குப் பிறகு அந்தக் கதவு மாரியில் இறுகுவது நன்றாகக் குறைந்துவிட்டது.

அடுத்தது பிணைச்சல். மேல் பிணைச்சலின் ஆணி இளகினால் கதவு கீழே சரியும், நாக்கு நிலையில் பதித்த தகட்டின் துளைக்குள் போகாமல் கீழ் விளிம்பில் இடிக்கும். நாக்கின் முனையில் கண்மை பூசிச் சாத்தினால் இடிக்கும் இடம் அப்படியே பதியும். தகட்டை அராவ வேண்டாம். இளகிய ஆணித் துளைக்குள் மரச் சிராயைப் பசையோடு இறுக்கி, காய்ந்த பிறகு பழையதைவிட நீளமான ஆணியை முறுக்குங்கள். கதவு எழும்பி நிற்கும்.

இன்னொன்றும் இங்கே நடக்கும். சாத்தியே பழகாத அறையில் நிலைத் துளைக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். நாக்கு போக இடமிருக்காது. கைபிடி கெட்டுவிட்டது என்று நினைப்போம். ஒரு கம்பியால் கிண்டினால் மண் கொட்டும், வேலை முடிந்தது.

பூட்டே பழுது என்றால் கழற்றுவது பெரிய வேலையில்லை. எங்களுடையதில் உட்பக்கக் கைபிடியின் கழுத்தில் சின்னத் துளை இருக்கிறது. ஊசி ஒன்றை அதற்குள் அழுத்திக்கொண்டு இழுத்தால் கைபிடி கையோடு வரும். பிறகு வட்டத் தகடு, அதற்குள் இரண்டு ஆணிகள். உள்ளே பார்த்தபோது ஸ்பிரிங் முறிந்திருக்கவில்லை. கிறவல் றோட்டுப் புழுதியும், இறுகும் போதெல்லாம் விட்ட தேங்காய் எண்ணெயும் சேர்ந்து கறுத்த களியாக நாக்கைச் சுற்றி அப்பியிருந்தது. பழைய பல்துலக்கியை மண்ணெண்ணெயில் தோய்த்துக் கழுவினேன். வெயிலில் நன்றாகக் காயவிட்டுத் திரும்பப் பூட்டினேன். இன்றுவரை வேலை செய்கிறது.

ஆகவே எண்ணெய் விஷயத்தில் என் தீர்ப்பு கடுமையானது: சமையல் எண்ணெய் எதுவும் பூட்டுக்கு வேண்டாம். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் கறளை இளக்கவும் மிக நல்லது, ஆனால் அது மெல்லியது, நெடுநாள் வழுவழுப்பை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. திறப்பு இறுகினால் பென்சில் முனையைத் திறப்பின் பல்லில் நன்றாகத் தேய்த்துப் பல தரம் போட்டு எடுங்கள். அந்தக் கரித்தூள் புழுதியை இழுக்காது. நாக்கின் சரிவில் மெழுகுதிரியைத் தேய்த்தாலே போதும்.

குளியலறைக்கு உருண்டைக் கைபிடியை நான் இனிப் போடமாட்டேன். ஈரக் கை வழுக்கும், அம்மம்மாவின் விரல்களுக்கு அதைத் திருப்பும் பலமில்லை. நீளக் கைபிடி மாற்றிய பிறகு முழங்கையால் தட்டியும் திறக்கிறார். சில வருசத்தில் அதன் ஸ்பிரிங் தளர்ந்து கைபிடி தொங்கத் தொடங்கியது, அதுதான் குறை. ஆனாலும் உள்ளே ஆள் அகப்படவில்லை. ஏற்கெனவே உருண்டை போட்டிருப்பவர்கள் வெளிப்பக்கக் கைபிடியைப் பாருங்கள், நடுவில் சின்னத் துளையோ கீறலோ இருக்கும். உள்ளே பூட்டுப்பட்டால் அதன் வழியாகத் திறக்கலாம். அதற்கு ஏற்ற கம்பியை நிலைக்கு மேலே வைத்துவிடுங்கள், பிள்ளைகள் உள்ள வீடென்றால் கட்டாயம்.

புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். கதவு விளிம்பிலிருந்து கைபிடித் துளையின் நடுவுக்குள்ள தூரம் 60 மில்லிமீற்றரா 70 மில்லிமீற்றரா என்று வீட்டிலேயே அளந்துவிட்டுப் போக வேண்டும். மாறி வாங்கினால் கதவைத்தான் திரும்பக் குடைய நேரும்.